கொக்குப் படத்துக்குச் சந்தன மாலை

பிரேம் கடை முனுசாமி அண்ணன் சுற்றியிருந்த பழைய பேப்பரை ஒரே இழுப்பில் பிரித்தார். பிரித்துவிட்டு இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே என் படம். கருப்புச் சட்டம், துடைத்து வைத்த கண்ணாடி. நடுவில் டிராக்டரில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிற அப்பா. அவரைச் சுற்றியும் அவர் தலைக்கு மேலேயும் இறக்கையை விரித்து எழும்புகிற கொக்குகள். பின்னால் முழுக்க இருட்டு. அதுவரைக்கும் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அந்தச் சட்டத்தின் மேல் ஒரு சந்தன மாலை தொங்கியது.

அப்பாவின் நெற்றி இருக்கிற இடத்தில், கண்ணாடிக்கு மேலே, வட்டமாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமப் பொட்டு. சட்டத்துக்குக் கீழே கடுகளவு சிவப்பு பல்பு ஒன்று. அதன் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"மாலையும் பல்பும் நானா போட்டதும்மா. பொண்ணு ஆசையா கொண்டாந்து குடுத்துச்சே, நம்மளால ஆனது செய்வோம்னு" என்றார் அண்ணன்.

அவர் என் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் திரும்பினார். அம்மா தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு.

"நீங்க அவருக்குத் தங்கச்சிங்களா? மனச தேத்திக்கணும்ங்க. வானத்துக்குப் போற மாதிரியே எடுத்திருக்குது பாருங்க பொண்ணு. இப்படி ஒரு படம் எங்க கடைக்கு வந்ததே இல்ல."

அம்மா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் மெதுவாகக் கழுத்துக்குப் போய்த் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அப்பா அந்த நேரத்தில் எதிர்ச் சாரிக் கடையில் சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சாவு செட்டிங்

அம்மாவை அந்தக் கடையில் அப்படியே நிற்கவைத்துவிட்டு எங்கேயோ போகிறேனே என்று திட்டாதீர்கள். நான் ஏன் கருப்பு வெள்ளைப் படம் எடுக்கப் போனேன் என்று சொல்லாமல் அந்த மாலையைப் பற்றிச் சொல்ல முடியாது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. படித்தது எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். செய்வது மனு அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, பாஸ்போர்ட் சைஸ் படம் பிடிப்பது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கூட்டம் ஜாஸ்தி. மற்ற நாள் கம்மி. கம்மியான நாட்களில் வருகிற வேலைகளில் ஒன்று, இறந்தவர்களின் படம்.

கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டுவருவார்கள். "இதுல ஓரமா நிக்கறாரே, அவரு மட்டும் வேணும்" என்பார்கள். அவரை மட்டும் பிரித்தெடுத்து, தோளில் கிடக்கும் வேறு யாருடைய கையையோ அழித்து, கருப்பு வெள்ளையாக்கித் தர வேண்டும். அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் வைத்திருக்கிறோம். ஒரு தட்டு தட்டினால் கலர் போகும், பின்னணி இருட்டாகும், முகம் மட்டும் நிற்கும். என்கூட வேலை செய்யும் ஜெயந்தி அதற்கு வைத்த பெயர் "சாவு செட்டிங்".

ஒரு நாள் அந்த வேலையை முடித்துவிட்டு, அவசரத்தில் அதே பட்டனை என் பறவைப் படங்கள் இருந்த போல்டர் மேலேயும் தட்டிவிட்டேன். நூற்றுக்கும் மேல் படங்கள். ஐயோ என்று கத்திக்கொண்டே திறந்து பார்த்தேன்.

முதல் படம், கரண்ட் கம்பியில் உட்கார்ந்த கரிச்சான் குருவி. கலரில் அதை நான் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். நீல வானம், பச்சை மரம், ஒரு விளம்பரப் பலகை, நடுவில் எங்கேயோ ஒரு கருப்புக் குருவி. இப்போது அந்தக் கலரெல்லாம் போய், குருவி மட்டும் இருந்தது. வால் இரண்டாகப் பிரிகிற இடம், அலகின் ஓரம், கண்ணில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம். மை தொட்டு யாரோ ஒரே இழுப்பில் எழுதிய எழுத்து மாதிரி.

"இன்னாடி, குருவி செத்துப்போச்சா?" என்றாள் ஜெயந்தி.

இல்லை, அதற்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் டீ சொல்லப் போய்விட்டாள்.

வெள்ளைக்கு மரியாதை

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் பைத்தியமாகத் திரிந்தேன். காலையில் ஏரிக்கரை, ஒன்பதரைக்கு வேங்கிக்கால், சாயந்திரம் மறுபடி ஏரிக்கரை. இந்தத் தொடரில் போன இரண்டு வாரமும் அந்த ஏரியைப் பற்றியேதான் எழுதினேன். நெற்றியில் வெள்ளைப் பட்டையுள்ள நாமக்கோழியைப் பற்றிப் படித்துவிட்டு, "சிவன் ஊர்ல நாமம் போட்ட கோழியா?" என்று கேட்டவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன், அது தன் நெற்றியில் வெள்ளையை எங்கேயும் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கருப்பு வெள்ளையில் பறவை எடுப்பதில் நான் தடுமாறிக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளைக்கு மரியாதை தர வேண்டும்.

கொக்கு வெள்ளை. கேமரா அதைப் பார்த்ததும் ஏமாந்துபோகும். சுற்றி இருக்கிற வயலையும் மரத்தையும் கணக்கில் வைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். படத்தில் கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுண்ணாம்புக் கட்டி இருக்கும். இறகு இருக்காது. அதனால் நாமாக வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற வரைக்கும் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தால் மற்றதெல்லாம் இருட்டுக்குள் போய்விடும், போகட்டும். அந்த இருட்டுதான் படம்.

காலை வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தால் இன்னும் விசேஷம். பறவையின் ஓரம் மட்டும் எரிகிற மாதிரி இருக்கும். ஏரியில் பட்டுப்போன வேலமரத்தில் இறக்கையைக் காய வைக்கிற நீர்க்காகத்தை அப்படித்தான் எடுத்தேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் நின்று இறக்கை அடிக்கிறதை எடுக்க ஒரு மாசம் ஆனது. அது பிறந்ததே கருப்பு வெள்ளையில். அதற்கு என் பட்டன் தேவையே இல்லை.

ஒரு சத்தியமும் செய்து வைத்திருந்தேன். படத்துக்காகப் பறவையை விரட்டக் கூடாது. கல் எறிவது, கை தட்டுவது, கத்துவது, எதுவும் கிடையாது. அதுவாகப் பறக்கிறபோது நான் தயாராக இருந்தால் எனக்குப் படம், இல்லாவிட்டால் அதற்கு நிம்மதி.

அந்த நீர்க்காகப் படத்தைப் பார்த்துத்தான் பிரபு அண்ணன் கூப்பிட்டார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் காபிக் கடை வைத்திருப்பவர். முன்னால் கப்பலில் சமையல்காரர். கடை முழுக்க வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும். ஒரு பக்கச் சுவர் மட்டும் வெறும் வெள்ளையாக நின்றது.

"தேவி, பன்னெண்டு படம் குடு. தீபத் திருவிழாக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி மாட்டிடலாம். நடு ஆணிக்கு மட்டும் பெருசா ஒண்ணு. உள்ள நுழையறவன் நிக்கணும். காபி ஆறிப்போவணும்" என்றார்.

பதினொன்று என் கையில் இருந்தது. நடு ஆணிக்கு இல்லை.

ஏழு மணி வெளிச்சம்

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறவர். அந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாசம் டிராக்டரில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாசமும் அப்பா வரப்பில் நின்று, ஓட்ட வந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். "அது வண்டியா, எருமையா? அத இஸ்து இஸ்துகினு போறான் பாரு" என்று.

ஆறு மாசம் முடிந்த மறுநாள் காலையில் அப்பா சாவியை எடுத்தார்.

"இன்னும் பத்து நாள் போவட்டுமே" என்றாள் அம்மா.

"உக்காந்துகினு ஓட்டறதுதானே மல்லிகா. நடந்தா போவப் போறேன்?"

"நானும் வரட்டா?"

"நீ எதுக்கு? நான் இன்னா எல்கேஜி பையனா, கூட்டிகினு போயி விட?"

அம்மா சமையல் கட்டுக்குள் போய்விட்டாள். நான் கேமராவை எடுத்துக்கொண்டு அப்பா பின்னால் ஓடினேன். எனக்கு அப்பாவைப் பற்றி ஒரு பயமும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் கொக்கு மட்டும்தான்.

சேற்று உழவு நடக்கிற வயலைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டர் சக்கரம் சேற்றைப் புரட்டப் புரட்ட, புழுவும் பூச்சியும் மேலே வரும். எங்கிருந்து வருமோ தெரியாது, உண்ணிக்கொக்குகள் கூட்டமாக வந்து வண்டிக்குப் பின்னாலேயே நடக்கும். மனுஷன் இறங்கி ஓரடி வைத்தால் பறந்துவிடும். அதே மனுஷன் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கவலையே இல்லை. என் ஏரிப் பறவைகளெல்லாம் என்னிடம் இருந்து அரை பர்லாங்கு தள்ளி நின்றன. இவை அப்பாவிடம் இருந்து ஆறடியில் நின்றன.

ஆனால் அவை பறக்கவில்லை. தத்தித் தத்தி நடந்தன. நடக்கிற கொக்கு, வாக்கிங் போகிற ரிட்டயர்டு வாத்தியார் மாதிரி இருக்கும். படத்துக்கு ஆகாது.

"ஹாரன் அடிக்கட்டுமா பாப்பா? எல்லாம் ஒரே தடவையா எழும்பும்" என்று அப்பா வண்டியில் இருந்தே கத்தினார்.

"வேணாம்பா! நீ உன் வேலையைப் பாரு."

"அப்ப நான் ஓட்டறேன். நீ பாத்துகினே இரு. கொக்கு கெழவி ஆயிடும்."

பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் விஷயம் பிடிபட்டது. வயல் கோடியில், வரப்பை ஒட்டி வண்டியைத் திருப்புகிறபோது பெரிய சக்கரம் ஒரு நொடி சேற்றிலேயே சுற்றும். இன்ஜின் உறுமும். சேறு விசிறியடிக்கும். அந்த ஒரு நொடி கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பி, மறுபடி அதே இடத்தில் இறங்கும். யாரும் விரட்டவில்லை. அது அந்த வேலையின் தாளம்.

நான் அந்தத் திருப்பத்துக்கு நேராக, வெயிலைப் பார்த்து, சேற்றிலேயே மண்டி போட்டேன். முழங்கால் ஜில்லென்றது. மண் வாசனையோடு டீசல் வாசனை. வெளிச்சத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். ஏழு மணி இருக்கும். அப்பா திரும்பினார். சக்கரம் சுற்றியது. சேறு கண்ணாடித் தூள் மாதிரி மேலே போனது. கொக்குகள் எழும்பின. அப்பா தலைமுண்டாசோடு திரும்பிப் பின்னால் பார்த்தார்.

விரலை எடுக்கவே இல்லை நான்.

ஓரத்தில் ஒரு புள்ளி

சென்டரில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு கொக்கின் இறக்கைக்குள்ளும் வெயில் புகுந்து வெளியே வந்திருந்தது. வயல் முழுக்க மை. நடுவில் அப்பா.

ஒரே ஒரு குறை. படத்தின் வலது ஓரத்தில், வரப்பின் மேல், இருட்டோடு இருட்டாக அம்மா நின்றுகொண்டிருந்தாள். அம்மாகூடத் தெரியவில்லை; அவள் கையில் இருந்த எவர்சில்வர் தூக்குச் சட்டியில் வெயில் பட்டுப் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. கொக்கைப் பார்க்கிற கண்ணை அது ஓரத்துக்கு இழுத்தது.

கருப்பு வெள்ளையில் இது ஒரு விதி மாதிரி. ஓரத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கக் கூடாது. பார்க்கிறவர் கண் அதன் வழியாகப் படத்தை விட்டு வெளியே போய்விடும்.

வெட்டினேன். வலது பக்கம் முழுவதையும் வெட்டினேன். அப்பாவும் கொக்குகளும் மட்டும் நிற்கிற, உயரமான படமாக ஆனது. பிரிண்ட் போட்டு, தேரடித் தெருவில் முனுசாமி அண்ணன் பிரேம் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். "யாரும்மா?" என்று கேட்டார். "எங்க அப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாங்கி வைத்தார்.

தனி ஆள், கருப்பு வெள்ளை, பின்னால் இருட்டு. தினமும் அந்தப் பட்டனைத் தட்டுகிற எனக்கே அது உறைக்கவில்லை. அண்ணனைச் சொல்லி என்ன?

செத்தவர் உள்ளே வந்தார்

கடைக்குத் திரும்புவோம். அம்மா தாலிக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். அண்ணன் கை கட்டி நிற்கிறார். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"ஆயிடுச்சா பாப்பா? காட்டு பாக்கலாம்."

முனுசாமி அண்ணன் அப்பாவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கே தெரிந்தது.

"ஐயையோ" என்றார். "ஐயையோ சாமி, தப்பு நடந்துபோச்சு. கருப்பு வெள்ளையா இருந்துச்சு... பாப்பாவும் ஒண்ணும் சொல்லல..."

அப்பாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். மாலையைக் கழற்றித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, படம் மாதிரி விறைப்பாக நின்றார்.

"மல்லிகா, எப்படி இருக்கறேன்? பல்பை எரிய விடு."

அம்மா கடையை விட்டு இறங்கிப் போய், பைக் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தேரடித் தெருவின் அத்தனை சத்தத்திலும் அந்த முதுகு எனக்குக் கேட்டது.

அப்பா மெதுவாக மாலையைக் கழற்றினார். முனுசாமி அண்ணன் அதைப் பிடுங்கி மேஜைக்கு அடியில் போட்டார். ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். குங்குமம் சட்டத்தின் இடுக்கில் லேசாக ஒட்டிக்கொண்டு போகவே இல்லை.

"காட்டு, எல்லாத்தையும்"

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தப் படம் எங்கயும் மாட்டக் கூடாது."

சாயந்திரம் பிரபு அண்ணனுக்கு போன் போட்டு, நடு ஆணி காலியாகத்தான் இருக்கும் என்றேன். மூன்று நாளில் திறப்பு. வேறு படம் எடுக்க நேரமில்லை. எங்கள் வயலில் உழவும் முடிந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லம்மா, அம்மா மனசுதான் முக்கியம்" என்றார். அழுகை வந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா முந்தானையில் கை துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கி எடுத்ததெல்லாம் காட்டு. எல்லாத்தையும்."

லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்றொன்றாகத் தள்ளினேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். வெட்டாத படம் வந்ததும் அவள் விரல் திரையைத் தொட்டது.

"இது நானு."

"ஆமாம்மா."

"கடையில இருந்ததுல நான் இல்லியே. இன்னா பண்ண என்னை?"

கண் ஓரத்துக்குப் போகும், விதி, புள்ளி என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

"தூக்கு பளபளன்னு இருந்துச்சுன்னு ஆளையே வெட்டிட்டியா?" என்றாள். கோபம் இல்லை, கிட்டத்தட்ட சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. "ஏழு மணிக்கு எவளாவது மத்தியான சோறு கொண்டாருவாளாடி? சும்மா வந்தா அந்தாளு திட்டுவாரு. கையில தூக்கு இருந்தா சோறு கொண்டாந்தேன்னு சொல்லிக்கலாம். அவரு ஒவ்வொரு தடவை திரும்பறப்பவும் முகத்தைப் பாத்துகினே நின்னேன். வேர்க்குதா, நெஞ்சைப் புடிக்கறாரான்னு. பத்து மணி வரைக்கும் நின்னேன்."

பத்து மணிக்கு நான் வேங்கிக்காலில் இருந்தேன். நான் பார்த்தது ஒரு நொடியை. அதே திருப்பத்தை, அதே முகத்தை, அம்மா மூன்று மணி நேரம் பார்த்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் அழிச்சிடறேம்மா" என்றேன்.

"ஏன் அழிக்கற? நல்லாத்தானே இருக்குது. கொக்கு ஒவ்வொண்ணும் தும்பைப் பூவாட்டம்." அம்மா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெட்டாததை மாட்டு. ஒத்த ஆளா இருந்தாதான் அது சாவு போட்டோ. ரெண்டு பேரா இருந்தா அது கல்யாண போட்டோ. நம்ம கூடத்துல உங்க அப்பாவோட அப்பா அம்மா கல்யாண போட்டோ தொங்கல? அதுவும் கருப்பு வெள்ளைதான். அதுக்கு அடியிலியே உக்காந்துகினு நாப்பது வருஷம் சண்டை போட்டாங்க. யாருக்கு இன்னா ஆச்சு?"

நடு ஆணி

மறுநாள் புது பிரிண்ட்டோடு அம்மாவும் கூட வந்தாள். முனுசாமி அண்ணன் இருந்த வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அகலமான சட்டம் அறுத்தார். அம்மா ஸ்டூல் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, மாலை பக்கம் கை போவக் கூடாது."

"தாயே, இனிமே யாரு கருப்பு வெள்ளை கொண்டாந்தாலும், ஆளு இருக்கறாரான்னு கேட்டுட்டுதான் ஆணியே எடுப்பேன்" என்றார் அவர். முடித்ததும் தானே ஆட்டோ பிடித்து, சட்டம் இடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு செங்கம் ரோடு வரைக்கும் வந்தார். அவருக்கு நான் நன்றி சொல்லி முடியாது. அந்த மாலையை அவர் போட்டிருக்காவிட்டால் அம்மா வெட்டுப்பட்டே கிடந்திருப்பாள்.

திறப்பன்று காலை. நீர்க்காகம், மீன்கொத்தி, கரிச்சான், நாமக்கோழி என்று பதினொன்றும் இரண்டு பக்கமும் ஏறிவிட்டன. நடு ஆணியில் அகலமாக அது. காபிக் கொட்டை வறுபடும் வாசனை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா படத்துக்கு நேரே நிற்காமல், கொஞ்சம் தள்ளித் தூண் ஓரத்தில் நின்றாள்.

நான் பார்க்கிறவர்களின் கண்களைப் பார்த்தேன். முதலில் கொக்குகளுக்குப் போகின்றன. பிறகு அப்பாவுக்கு. அப்பா எங்கே பார்க்கிறார் என்று தேடி, இருட்டைக் கடந்து, அந்த ஓரத்துப் புள்ளிக்குப் போய் நிற்கின்றன. வெளியே போகவில்லை. அங்கிருந்து மறுபடி கொக்குகளுக்குத் திரும்புகின்றன. நான் பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. அப்பா கொக்கைத்தான் திரும்பிப் பார்க்கிறார் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் அவர் முகம் திரும்பியிருந்தது வரப்பின் பக்கம்.

பிரபு அண்ணன் தோளில் துண்டோடு வந்து, கண்ணைச் சுருக்கிக் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தார்.

"எல்லாம் பிரமாதம் தேவி. ஓரத்துல இந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இன்னா? பிரிண்ட்டுல தப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இருந்து அப்பா குரல் வந்தது.

"தப்பு இல்ல தம்பி. ஏழு மணிக்கே வந்துட்ட என் மத்தியான சோறு அது."

தூண் ஓரத்தில் இருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.